மூலமும் உரையும்: செஸ் இஞ்சின்களை வாசிப்பது குறித்துச் சில குறிப்புகள்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாதத்துக்கு ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிப் படிப்பது வழக்கம். பெயர், பலகை, செயலாளர் எதுவும் கிடையாது. ஷிஃப்ட் ஒத்துவருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம், ஒத்துவராவிட்டால் இல்லை. கதை, கட்டுரை என்று போய்க்கொண்டிருந்த இடத்தில், ஓரகடத்தில் சி.என்.சி. மெஷினில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் ஒருநாள் இப்படிக் கேட்டார்: "தோழர், புரோகிராம் எழுதக் கத்துக்கணும். வாங்கின புத்தகம் எல்லாத்துலயும் ரெண்டு நம்பரைக் கூட்டு, வட்டிக் கணக்குப் போடுன்னே இருக்கு. எனக்கு செஸ் நல்லா வரும். செஸ் ஆடுற புரோகிராமெல்லாம் மூலத்தோட சும்மாவே கிடைக்குதாமே, அதுல ஒண்ணை எடுத்துப் படிச்சா என்ன? எதைப் படிக்கிறது?"

கேட்ட ஆள் தப்பான ஆள். நான் தமிழ் எம்.ஏ. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வதைத் தாண்டி அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் கேள்வியின் கடைசி இரண்டு சொற்கள் என்னை விடவில்லை. எழுதக் கற்றுக்கொள்வதற்காக வாசிக்கிறவர் எந்தப் பிரதியை வாசிக்க வேண்டும்? இது விமர்சனத்தின் கேள்வி. சிறந்த பிரதிதான் கற்றுக்கொள்ளவும் சிறந்தது என்று நாம் யோசிக்காமல் நம்பிக்கொண்டிருக்கிறோம். மௌனியை மட்டுமே படித்து எழுதப் பழகியவர்கள் என்ன ஆனார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் இலக்கியத்தைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு இதையே படித்தோம். கூட்டத்தில் கம்ப்யூட்டர் படித்தவர் ஒருவர். டிப்ளமா முடித்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் என்னைப் போல. இந்தக் குறிப்புகள் அந்த வாசிப்பிலிருந்து வந்தவை.

நண்பர்கள் சிலருக்கு இதில் எரிச்சல் உண்டு என்பது தெரியும். சதுரங்கம் மேட்டுக்குடி விளையாட்டு, இதற்கு ஒரு கோட்பாட்டுக் கட்டுரையா என்கிறார்கள். 2022 ஜூலையில் மாமல்லபுரம் பூஞ்சேரியில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பேர் வைத்தார்கள். 1972-ல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப், 1988-ல் ஆனந்தின் கிராண்ட்மாஸ்டர் பட்டம், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பெற்ற உலகப் பட்டம் என்று சென்னைக்கு ஒரு வெற்றிக் கதையாடல் தயாராக இருக்கிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. இந்த வெற்றிகளில் பிந்தியவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு இஞ்சின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது என்ன எழுதப்பட்ட பொருள், யார் எழுதியது, அதை யார் வாசிக்க முடியும் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. ஜெயித்தவரைக் கொண்டாடத் தெரிந்த பண்பாட்டுக்கு வாசகரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எதைப் படிக்கலாம் என்று கேட்டால் முதலில் எல்லோரும் சொல்லும் பெயர் ஸ்டாக்ஃபிஷ். உப்பில்லாமல் காயவைத்த மீன், நம்முடைய கருவாட்டின் வடதுருவத்துச் சொந்தக்காரன். நார்வேக்காரரான டார்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாரங் என்ற இஞ்சினிலிருந்து இத்தாலியரான மார்க்கோ கோஸ்டால்பா 2008-ல் பிரித்தெடுத்தது. மீன் நார்வேயுடையது, சமையல் இத்தாலியுடையது என்பதால் இந்தப் பெயர். கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜி.பி.எல். கீழ் வருவதால் யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். பகிரும்போது மூலத்தையும் கொடுத்துவிட வேண்டும். மனிதர் எவரும் அதை ஜெயிக்க முடியாது. கட்டற்றது, பலமானது, இலவசம். இதைவிட வேறென்ன வேண்டும்?

நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கைவிட்டோம். எழுதியவர்கள் மோசமாக எழுதினார்கள் என்பதல்ல காரணம். உண்மையில் அது ஒழுங்கான எழுத்து. அங்கே ஒரு மாற்றம் ஏற்கப்பட வேண்டுமானால் பழைய பதிப்போடும் புதிய பதிப்போடும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை உலகெங்கும் உள்ள தொண்டர்களின் கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்த்துப் புள்ளியியல் சம்மதித்தால்தான் ஏற்கப்படும். ஒரு வரியை நீக்கினால் பலம் குறையாது என்று காட்டினாலும் ஏற்பார்கள். சுருக்கமாக எழுதுவதற்கு மதிப்பிருக்கும் இடம்தான். ஆனால் ஒவ்வொரு வரியும் அங்கே இருப்பதற்கான நியாயம் வெளியே, அந்த ஆட்டங்களின் கணக்கில் இருக்கிறது. ஏன் இந்த எண், ஏன் 7 இல்லாமல் 8 என்று கேட்டால் பிரதிக்குள் பதில் இல்லை. சோதனையில் ஜெயித்தது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. செஸ் இஞ்சினில் இரண்டு பெரிய வேலைகள்: நான் இப்படிப் போனால் அவன் அப்படிப் போவான் என்று கிளை கிளையாகத் தேடுவது, தேடி நின்ற இடத்தில் நிலைமை யாருக்குச் சாதகம் என்று மதிப்பிடுவது. மதிப்பீட்டைக் கையால் எழுதிய காலத்தில் ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு என்று அதற்குப் பெயர்கள் இருந்தன. பெயர்கள் இருந்ததால் சண்டை போடலாம். 2018-ல் ஜப்பானின் யூ நாசு ஷோகி ஆட்டத்துக்காகக் கண்டுபிடித்த நரம்பு வலைப் பின்னல் முறையை 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் எடுத்துக்கொண்டது. 2023-ல் கையால் எழுதிய மதிப்பீட்டுப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். அது இருந்தும் பலம் கூடவில்லை என்பதால். இப்போது அந்த இடத்தில் இருப்பது பல பத்து மெகாபைட் எண்கள். அந்த எண்களும் திறந்தே கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். என்ன தீர்ப்பு என்று சொல்லும்; ஏன் என்று கேட்க அதில் ஒரு சொல்கூட இல்லை. திறந்திருப்பது ஒன்று, வாசிக்கக் கிடைப்பது இன்னொன்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மொழியில் இந்த இரண்டும் ஒன்றாகவே புழங்கிவருகின்றன. நான் அந்த இயக்கத்தின் பக்கம் நிற்பவன். ஆனாலும் உரிமம் கொடுக்கிற உரிமையை வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி எதைச் செய்ய முடியும் என்ற கேள்வியை அது போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் சின்னதாகப் படிப்போம் என்று எதிர்த் திசைக்கு ஓடினோம். ஹெச்.ஜி. மல்லர் எழுதிய மைக்ரோ-மேக்ஸ் இரண்டாயிரம் எழுத்துக்குறிகளுக்குள் அடங்கிவிடும் முழு இஞ்சின். ஒரு பக்கத்துக்குள் செஸ். பார்த்ததும் எனக்குப் பவணந்தியின் ஞாபகம் வந்தது. சில எழுத்துகளில் பல பொருளைக் கண்ணாடி போலக் காட்டுவது சூத்திரம் என்கிறது நன்னூல். சரி, ஆனால் நன்னூல் சூத்திரத்தை உரையில்லாமல் படித்துத் தேறியவர் யாராவது உண்டா? சூத்திரம் மனப்பாடத்துக்கானது, ஏற்கனவே தெரிந்தவருக்கு ஞாபகமூட்டுவது. தெரியாதவரின் முன்னால் அது தன் சாமர்த்தியத்தைக் காட்டும், விஷயத்தைக் காட்டாது. மைக்ரோ-மேக்ஸ் அப்படிப்பட்ட வித்தை. ரசிக்கலாம், கற்க முடியாது.

தாமஸ் ஆலே பைதானில் எழுதிய சன்ஃபிஷ் வேறு வகை. அதுவும் நூற்றுச் சொச்சம் வரிகள்தான், ஆனால் அதன் சுருக்கம் பார்வையிலிருந்து வந்த சுருக்கம். பலகையை அது 120 எழுத்துகள் கொண்ட ஒரே சரமாக வைத்துக்கொள்கிறது. 64 கட்டத்தைச் சுற்றி வேலி போட்ட மாதிரி வெற்று எழுத்துகள்: மேலே இரண்டு வரிசை, கீழே இரண்டு, பக்கங்களில் ஒவ்வொன்று. வடக்கே போக 10 கழி, கிழக்கே போக 1 கூட்டு. குதிரை இரண்டு வடக்கு ஒரு கிழக்கு போனால் 19 கழியும். வேலியில் விழுந்தால் பலகைக்கு வெளியே என்று அர்த்தம். மேலும் கீழும் மட்டும் ஏன் இரண்டு வரிசை வேலி என்று எங்களில் ஒருவர் கேட்டு, குதிரை இரண்டு வரிசை தாண்டும் என்பதால் என்று இன்னொருவர் சொன்ன அந்த நிமிஷம்தான் எங்களுடைய முதல் வாசிப்பு. பக்கவாட்டில் குதிரை இரண்டு தாண்டினால் என்ன ஆகும்? அடுத்த வரிசையின் வேலியில் போய் விழும். அதனால் பக்கத்துக்கு ஒன்று போதும். இதைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆனது, கரையில் குச்சியால் கட்டம் போட்டு.

சன்ஃபிஷின் இன்னொரு காரியம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் அது பலகையைத் திருப்பி வைத்துவிடுகிறது. ஆட வேண்டியவர் எப்போதும் கீழ்ப்பக்கம். வெள்ளைக்கு ஒரு விதி, கறுப்புக்கு ஒரு விதி என்று இரண்டு எழுத வேண்டியதில்லை. எதிராளியைப் பற்றி யோசிக்க எழுந்துபோய் எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது. 'மற்றமை' பற்றி நாம் எழுதித் தள்ளிய பக்கங்களில் இவ்வளவு சுலபமாக இது சொல்லப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இருந்தாலும் சன்ஃபிஷைக் கடைசிவரை படிக்க முடியவில்லை. தேடல் பகுதிக்கு வந்ததும் பைதான் தெரிந்த ஒரே தோழர் வாத்தியார் ஆகிவிட்டார், நாங்கள் எல்லோரும் பையன்கள் ஆகிவிட்டோம். வாசிப்பு வட்டத்துக்கு அதைவிட மோசமான கதி கிடையாது.

எங்களைக் காப்பாற்றியது டாம் கெரிகனின் டி.எஸ்.சி.பி. 1997-ல் சி மொழியில் எழுதியது, இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள். படிக்கிறவருக்காகவே எழுதிய இஞ்சின். பலகைக்கு ஒரு கோப்பு, தேடலுக்கு ஒன்று, மதிப்பீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முன்னும் இது என்ன செய்கிறது என்று மனிதர் பேசுவது போல நாலு வாக்கியம். தமிழில் மூலம் என்றால் கூடவே உரை என்று காதில் விழும். தொல்காப்பியத்தை இளம்பூரணர் இல்லாமல் யார் உள்ளே நுழைந்து பார்த்தார்கள்? கெரிகன் தானே மூலமும் தானே உரையும். சேனாவரையரைப் போல எதிராளியை மடக்கிக்கொண்டு போகும் உரையல்ல; இளம்பூரணரின் உரை மாதிரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகரும் உரை.

அதன் மதிப்பீட்டுக் கோப்பை நாங்கள் ஒரு மாதம் படித்தோம். சிப்பாய் 100, குதிரையும் பிஷப்பும் 300, யானை 500, ராணி 900. இதுவரை செஸ் தெரிந்தவருக்குப் புதிதில்லை. அடுத்து வருவதுதான் சுவாரஸ்யம்: ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்ட இரட்டைச் சிப்பாய்க்கு 10 அபராதம், பக்கத்தில் துணையில்லாத தனிச் சிப்பாய்க்கு 20, எதிரே யாரும் தடுக்க இல்லாமல் கடந்துபோகும் சிப்பாய்க்கு 20 வெகுமதி, முன்னேற முன்னேறப் பெருகும். "தனியா நின்னா இருபது கழிக்கிறான் பாருங்க தோழர், சங்கம் வேணும்கிறான்" என்று ஒருவர் சிரித்தார். சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் மதிப்பீடு என்பது யாரோ ஒருவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த முடிவு, 20 என்பது இயற்கை விதியல்ல, 15-ஆகவும் இருந்திருக்கலாம் என்பது அன்றைக்கு அத்தனை பேருக்கும் விளங்கியது. ஸ்டாக்ஃபிஷின் எண்களுக்கு முன்னால் அது விளங்கியிருக்காது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். டி.எஸ்.சி.பி.யோடு வந்த குறிப்பில், இறக்கிக்கொள்ளலாம், பார்க்கலாம், ஓட்டலாம், வேறு எதற்கும் என் அனுமதி வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தார் கெரிகன். அதாவது மிக வாசிக்கத்தக்க பிரதி முழுக் கட்டற்றது அல்ல. முழுக் கட்டற்ற பிரதி வாசிக்கத்தக்கதல்ல. அதனால் அதை நாங்கள் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. ஆளுக்கொரு பிரதி இறக்கிக்கொண்டு ஃபோனில் பார்த்தே படித்தோம். ஜெராக்ஸ் என்றதும் ஜான் லயன்ஸ் நினைவுக்கு வருகிறார். ஆஸ்திரேலியாவில் பேராசிரியர். யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலத்தை அச்சிட்டு, அதற்கு வரிவரியாக உரை எழுதி 1970-களின் நடுவில் மாணவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த பதிப்பு வந்தபோது மூலத்தை வகுப்பில் சொல்லித்தரக் கூடாது என்று உரிமம் சொல்லிவிட்டது. அந்த உரை இருபது வருஷம் நகலின் நகலின் நகலாகக் கைமாறி, 1996-ல்தான் புத்தகமாக வந்தது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கதையில் விளக்க எதுவும் இல்லை.

தேடலைப் படித்த விதத்தைச் சொல்கிறேன். 1952-ல் ஆலன் டூரிங் தன் செஸ் விதிகளை ஓட்டக் கம்ப்யூட்டர் கிடைக்காமல், தானே கம்ப்யூட்டராக இருந்து, காகிதத்தில் கணக்குப் போட்டுப் போட்டு ஒரு நண்பரோடு ஆடினார். ஆட்டம் தோற்றது. ஆனால் இஞ்சினை முதலில் ஓட்டியது ஒரு மனிதக் கைதான் என்பது எங்களுக்குப் பெரிய தைரியம். அதையே செய்தோம். ஒருவர் பலகை, ஒருவர் நகர்வுகளை அடுக்குகிறவர், ஒருவர் மதிப்பீட்டுக் கோப்பை வைத்துக்கொண்டு எண் சொல்பவர், ஒருவர் வெட்டுகிறவர். வெட்டுவதுதான் அல்ஃபா-பீட்டா. எனக்கு 20 புள்ளி நிச்சயம் தரும் ஒரு வழி ஏற்கனவே கையில் இருக்கிறது. அடுத்த வழியைப் பார்க்கப் போனதும் எதிராளியின் முதல் பதிலே என் குதிரையைத் தூக்கிவிடுகிறது. அவனுடைய மற்ற முப்பது பதில்களைப் பார்க்க வேண்டுமா? வேண்டாம், வெட்டு. புத்தகத்தில் படித்தால் ஒரு நாள் தலைவலி. வெட்டுகிற தோழர் கையை உயர்த்தி "போதும், இது ஆவாது" என்று சொன்னபோது பத்து நிமிஷம்.

இந்த விளையாட்டில்தான் 'தொடுவான விளைவு' வந்தது. 1970-களில் ஹான்ஸ் பெர்லினர் பேர் வைத்த நோய். இஞ்சின் இத்தனை நகர்வு ஆழம்தான் பார்க்கும் என்று ஒரு எல்லை உண்டு. தவிர்க்க முடியாத நஷ்டம் ஒன்று வருகிறதென்றால், நடுவில் தேவையில்லாத ஒரு சிப்பாயைப் பலிகொடுத்து அந்த நஷ்டத்தை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். பார்வையில் இல்லாததால் நஷ்டமே இல்லை என்று கணக்கெழுதும். இதை ஏரிக்கரையில் உட்கார்ந்து விளக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உள்ள ஏரி இது. 2015 டிசம்பர் 1 அன்று இங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடிவரை திறந்துவிடப்பட்ட தண்ணீர் அடையாற்றில் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது. முந்தின நாட்களில் என்ன கணக்குப் போட்டார்கள், எந்த எல்லைவரை பார்த்தார்கள் என்று பல வருஷம் வாதம் நடந்தது. கரையில் வீடுள்ள தோழர் கேட்டது இதைத்தான்: "மதகை எப்பத் தொறக்கணும்கிற ரூலு எங்கயாவது எழுதி வச்சிருப்பாங்கல்ல, அதை நாம படிக்க முடியுமா?" விதிகள் உண்டு, அரசுக் கோப்பில் உண்டு. வாசிக்கக் கிடைப்பது பற்றி மேலே சொன்னேன்.

இஞ்சினுக்கு எளிய மருந்து ஒன்று உண்டு, முழுதாகத் தீர்க்காது, ஓரளவு தணிக்கும். எல்லைக்கு வந்ததும் உடனே நிறுத்தாமல், வெட்டுக்குத்து அடங்கும்வரை பார்த்துவிட்டுப் பிறகு மதிப்பிடு. டி.எஸ்.சி.பி.யில் அது ஒரு பக்கம்கூட வராத தனிச் செயற்கூறு.

இதற்கு அடுத்தபடி எது என்றால் ஃப்ரூட் 2.1. ஃபேபியன் லெட்டூசே, பிரான்சு. 2005-ல் ரெய்காவிக் உலகப் போட்டியில் இரண்டாம் இடம் வந்த இஞ்சின் இந்த வரிசைதான், 2.1 பதிப்பின் மூலத்தை ஜி.பி.எல். உரிமத்தில் கொடுத்துவிட்டார். பூந்தமல்லியில் ஜெராக்ஸ் எடுத்தது இதைத்தான். சின்னச் சின்னக் கோப்புகள், பெயரைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று தெரியும். உரை கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு செயற்கூறும் தொடங்கும்போது 'இது இப்படி இருந்தாக வேண்டும்' என்று வரிசையாக உறுதிமொழி எடுத்துக்கொள்கிறது: பலகை ஒழுங்காக இருக்க வேண்டும், நகர்வு செல்லுபடியாக வேண்டும், ஆழம் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். பொய்யானால் அங்கேயே நின்றுவிடும். எழுதியவர் எதை நம்பி எழுதினார் என்பது வெளிப்படையாக இருக்கிறது. உரையில்லாத குறையை அது பெருமளவு தீர்த்துவிடுகிறது. இன்னொன்று, ஒவ்வொரு குணத்துக்கும் ஆட்டத் தொடக்கத்துக்கு ஒரு மதிப்பு, ஆட்ட முடிவுக்கு வேறொரு மதிப்பு. காய்கள் குறையக் குறைய ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சறுக்கிக்கொண்டே போகும். இரட்டைச் சிப்பாய்க்குத் தொடக்கத்தில் 10, முடிவில் 20. மதிப்புக்குக் காலம் உண்டு என்பது.

ஃப்ரூட்டை வாசித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே ஒரு வரலாறு. தாமஸ் கக்ஷ் அதை வெளிப்படையாக எடுத்து டோகா என்று வளர்த்தார். லெட்டூசே அடுத்த பதிப்பை விற்பனைக்குக் கொண்டுபோய் மூலத்தை மூடினார், ஆனால் 2.1-ஐத் திரும்ப வாங்க முடியவில்லை, உரிமம் அப்படி. வாசிக் ராய்லிச்சின் ரிப்கா உலகத்தை ஜெயித்துக்கொண்டே போனது, மூலம் மூடியபடி. 2011-ல் சர்வதேச கம்ப்யூட்டர் விளையாட்டுச் சங்கம், ரிப்காவின் மூலம் இல்லாமலேயே ஓடும் வடிவத்தைப் பிரித்துப் பார்த்து, ஃப்ரூட்டிலிருந்தும் கிராஃப்டியிலிருந்தும் எடுத்தது என்று தீர்மானித்து, 2007 முதல் 2010 வரையிலான பட்டங்களைப் பறித்தது. எது வாசிப்பு, எது திருட்டு என்று நிபுணர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். ஆசிரியன் செத்துவிட்டான் என்று பார்த்தைச் சொல்லிச் சொல்லி நாம் வளர்ந்தோம். அந்த வாதத்தின் நடுவில் நிற்கும்போது, ஆசிரியனைக் கொல்வதற்கும் ஆசிரியனின் பெயரை அழித்துவிட்டு அவன் வீட்டில் குடியேறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று தோன்றியது. டோகா செய்தது முதலாவதும் அல்ல, இரண்டாவதும் அல்ல. உரைகாரன் மூலத்தின் பேரைச் சொல்லிக்கொண்டே தன் காலத்தை அதற்குள் எழுதிவிடுகிற மாதிரி.

ராபர்ட் ஹயாட்டின் கிராஃப்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், படிப்பதற்கு அல்ல. அதன் முதன்மைக் கோப்பின் தலையில் பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது, என்ன தப்பு செய்தேன் என்று 1990-களின் நடுவிலிருந்து எழுதிக்கொண்டே வந்த நீண்ட குறிப்பு இருக்கிறது. பாடபேதத்தை அடிக்குறிப்பில் கொடுக்கக் கற்றுத்தந்த உ.வே.சா.வைப் படித்தவர்களுக்கு அது உடனே பழகிவிடும். ஸ்டாக்ஃபிஷையும் அப்படித்தான் அணுக வேண்டும் என்பது என் கட்சி. இன்றைய பதிப்பை விட்டுவிட்டுப் பழைய கிளாரங்கிலும் முதல் பதிப்புகளிலும் தொடங்கி மேலே வருவது.

தமிழில் வரவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். 2012 முதல் 'கணியம்' தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் 'இஃப்' என்பதை 'ஆனால்' என்று மாற்றியதால் மட்டும் மைக்ரோ-மேக்ஸ் விளங்கிவிடாது. எங்களுக்குத் தடையாக இருந்தது ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் அல்ல, அவை முப்பதோ என்னவோதான். ஏன் இப்படி எழுதினார் என்று சொல்ல ஆளில்லாததுதான் தடை. தமிழில் இல்லாதது உரை.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் விஷயம். கார் கம்பெனி லைன்களை ஓட்டும் பி.எல்.சி. என்ற பெட்டிக்கு எழுதும் லேடர் நிரல், பார்க்க ஏணி மாதிரி இருக்கும். 1960-களின் முடிவில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளுக்காக அது வந்தபோது, பழைய ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் புதிய பெட்டியையும் படிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வரைந்தார்கள். தொழிலாளி வாசிக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த நிரல்மொழி. அதே ஏணி இன்று பாஸ்வேர்டுக்குள் இருக்கிறது. எங்கள் தோழர் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஒரு திங்கட்கிழமை போனால் ஒரு பீஸுக்கான நேரம் சில வினாடி குறைந்திருந்தது. யார் மாற்றினார்கள், எந்த வரியில், என்ன கணக்கில்? "மெஷின் செட்டிங் அப்படித்தான்" என்றார் சூப்பர்வைசர். அவர் செஸ் இஞ்சின் படிக்க வந்தது செஸ்ஸுக்காக அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது ஃப்ரூட்டில் சிப்பாய்க் கோப்பில் இருக்கிறோம். போன மாதம் அவர் தனிச் சிப்பாய்க்கான அபராதத்தை எல்லா இடத்திலும் பூஜ்யமாக்கி, மாற்றாத ஃப்ரூட்டோடு ராத்திரி முழுக்க மோதவிட்டார். நூறு ஆட்டம். காலையில் மாற்றாதது கொஞ்சம் முன்னே. தோற்றுவிட்டோம் என்று அவர், நூறு ஆட்டத்தில் இந்த வித்தியாசம் எதையும் நிரூபிக்காது, சில ஆயிரமாவது வேண்டும் என்று கம்ப்யூட்டர் படித்த தோழர். சில ஆயிரம் ஆட்டத்துக்கு எத்தனை ராத்திரி லேப்டாப் ஓட வேண்டும், கரண்ட் பில் யார் கட்டுவது என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. அல்ஃபா, பீட்டாவுக்கு உரையில் தமிழ்ச் சொல் போடுவதா அப்படியே விடுவதா என்ற சண்டையும் முடியவில்லை. நான் அப்படியே விடச் சொல்கிறேன். 'அடி', 'முடி' என்று போட்டுவிட்டார் வெட்டுகிற தோழர்.